கடைமடையிலிருந்து எழும் குரல்: சிறுநீர்ப்பைப் புற்றுநோயும் இரத்தநாள வளர்ச்சிக் காரணிகளும்

கம்பம் பள்ளத்தாக்கில் ஒருவருக்குச் சிறுநீர் சிவந்து போனால் வீட்டில் முதலில் சொல்லப்படும் காரணம் சூடு. விடியுமுன்பே ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு மலைச்சாலை வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்ப் பொழுது சாயும் நேரத்தில் இறங்கி வருகிறவர்கள் பகல் முழுவதும் குடிக்கும் தண்ணீரே சொற்பம் என்பதால், அந்த விளக்கம் எவருக்கும் பொருத்தமாகவே படும். இளநீரும் நன்னாரி சர்பத்தும் ஊறவைத்த வெந்தயமும் கொடுப்பார்கள். இரண்டொரு நாளில் சிறுநீர் தெளிந்துவிடும். கைவைத்தியம் கேட்டுவிட்டது என்று எல்லோரும் நிம்மதி அடைவார்கள். அந்த மலைச்சாலையில் முப்பது ஆண்டுகள் ஜீப் ஓட்டிய, பீடியை ஒருநாளும் கைவிடாத என் பெரியப்பாவுக்கு இப்படி மூன்று முறை தெளிந்தது. நான்காம் முறை சிறுநீரோடு இரத்தக் கட்டிகளும் வந்த பிறகுதான் மதுரைக்கு அழைத்துச் சென்றோம். "ஏப்பா, ஒரு வலியுமில்ல, இதுக்குப் போயி மதுர வரைக்கும் எதுக்கு?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

வலியில்லாமல், விட்டுவிட்டு வரும் இரத்தமே சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் மிகப் பொதுவான முதல் அறிகுறி. கல்லடைப்பு துடிக்க வைக்கும். சிறுநீர்த் தொற்று எரிய வைக்கும். இந்த நோயோ தொடக்கத்தில் பெரும்பாலும் நிறத்தை மட்டும் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த இரத்தம் எங்கிருந்து வருகிறது, அங்கே அவ்வளவு இரத்தநாளங்கள் எப்படி வந்தன, அவற்றை வரவழைத்தது எது என்று தொடர்ந்து கேட்டுக்கொண்டே போனால், இரத்தநாள வளர்ச்சிக் காரணிகள் என்று மருத்துவ உலகம் அழைக்கும் புரதங்களிடம் வந்து சேருவோம். திசு ஆய்வகத்தில் ஸ்லைடு தயாரிக்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில், அந்தப் புரதங்கள் செய்யும் காரியத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு விளங்கும்படி எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் சிறுநீர்ப்பையின் சுவர். உட்புறத்தில், சிறுநீர் நேரடியாகப் படும் இடத்தில், ஐந்து முதல் ஏழு அடுக்குச் செல்கள் கொண்ட ஒரு மெல்லிய உறை இருக்கிறது. பை நிரம்பி விரியும்போது இந்த அடுக்குகள் இழுபட்டு இரண்டு மூன்றாகத் தெரியும். காலியானதும் மறுபடி தடிக்கும். இந்த உறைக்குள் இரத்தநாளம் ஒன்றுகூடக் கிடையாது. அதற்குக் கீழே ஒரு மெல்லிய அடித்தளச் சவ்வும், அதற்கும் கீழே நுண்ணிய இரத்தநாளங்கள் ஓடும் தளர்வான இணைப்புத் திசுவும், அதையடுத்துப் பையைச் சுருக்கிச் சிறுநீரை வெளியேற்றும் தடித்த தசையும் இருக்கின்றன. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 90 சதவீதம் மேலே சொன்ன அந்த உள்ளுறைச் செல்களில்தான் தொடங்குகின்றன. அதாவது, தனக்கென்று ஒரு நாளமும் இல்லாத, கீழேயிருந்து கசிந்து வரும் ஆக்சிஜனை வாங்கியே பிழைக்கிற ஓர் இடத்தில் நோய் பிறக்கிறது.

கசிவு எவ்வளவு தூரம் போகும்? இரத்தத் தந்துகி ஒன்றிலிருந்து ஆக்சிஜன் சுமார் 100 முதல் 200 மைக்ரோமீட்டர் வரைதான் திசுவுக்குள் பரவும். ஒரு மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் ஒரு பங்கு. அதற்கு அப்பால் இருக்கும் செல்லின் நிலைமை கடைமடை வயலின் நிலைமை. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக லோயர் கேம்ப் பக்கம் இறங்கி, பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் நெல் வயல்களுக்குப் பாய்கிறது என்று கணக்கில் இருந்தாலும், அணையில் நீர் குறைந்த ஆண்டில் தலைமடைக்காரர் நாற்று நடும்போது கடைமடைக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த நடப்பு. புற்றுச் செல்கள் பெருகப் பெருக, அவற்றில் பல தம் பெருக்கத்தாலேயே கடைமடைக்குத் தள்ளப்படுகின்றன.

இதை முதலில் அழுத்திச் சொன்னவர் ஜூடா ஃபோக்மன் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர். 1960களில் கடற்படை ஆய்வகம் ஒன்றில் பணியாற்றியபோது, உடலிலிருந்து பிரித்தெடுத்த தைராய்டு சுரப்பியைச் செயற்கைத் திரவ ஓட்டத்தில் உயிரோடு வைத்து, அதில் புற்றுச் செல்களைப் பதியம் போட்டுப் பார்த்தார். கட்டிகள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வரை வளர்ந்து அப்படியே நின்றுவிட்டன. செத்துவிட்டன என்று நினைக்க வேண்டாம். அவற்றை எடுத்து எலியின் உடலில் வைத்ததும் மளமளவென்று வளர்ந்தன. தனிச் சுரப்பியில் புதிய இரத்தநாளங்கள் முளைக்கவில்லை, எலியின் உடலில் முளைத்தன என்பதே வேறுபாடு. கட்டி ஏதோ ஒரு பொருளைச் சுரந்து தன்னை நோக்கி நாளங்களை வரவழைக்கிறது என்ற கருத்தை அவர் 1971இல் வெளியிட்டபோது நம்பியவர்கள் குறைவு. கட்டியைச் சுற்றித் தெரியும் நாளங்கள் வெறும் அழற்சியின் விளைவு என்றே பலர் எண்ணினார்கள்.

அந்தப் பொருளைத் தேடும் வேலை பல ஆண்டுகள் நீடித்தது. 1983இல் ஹெரால்டு டிவோராக்கும் டொனால்டு செங்கரும் இரத்தநாளச் சுவரைக் கசிய வைக்கும் ஒரு புரதம் கட்டிகளிலிருந்து வெளிப்படுவதைக் கண்டு, அந்தக் குணத்தையே அதற்குப் பெயராக வைத்தார்கள். 1989இல் நெப்போலியோனே ஃபெராராவின் குழு இரத்தநாளத்தின் உட்சுவர்ச் செல்களைப் பெருக்கும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்து அதற்கு வி.இ.ஜி.எஃப் (இரத்தநாள உட்சுவர் வளர்ச்சிக் காரணி) என்று பெயரிட்டது. பிறகு பார்த்தால் இரண்டும் ஒரே புரதம். கசிய வைப்பதும் வளர வைப்பதும் ஒன்றே என்ற இந்தச் செய்தியை வாசகர் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பெரியப்பாவின் சிறுநீர் சிவந்ததற்கான காரணத்தில் பாதி இதில் இருக்கிறது.

வி.இ.ஜி.எஃப் புற்றுநோய்க்கென்று உண்டான பொருள் அல்ல. கருவில் இதயமும் நாளங்களும் உருவாகவும், வெட்டுக்காயம் ஆறவும், மாதவிடாய்க்குப் பின் கருப்பையின் உட்சுவர் மறுபடி வளரவும் அது வேண்டும். உடலின் எந்தச் செல்லும் மூச்சுத் திணறும்போது அதைச் சுரக்கக்கூடும். செல்லுக்குள் ஹிஃப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு புரதம் இடைவிடாமல் உண்டாகிக்கொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்வரை, அதன்மேல் ஓர் அடையாளம் ஒட்டப்பட்டுச் சில நிமிடங்களிலேயே அது அழிக்கப்படுகிறது. ஆக்சிஜன் குறைந்தால் அடையாளம் ஒட்டும் நொதி வேலை செய்யாது. ஹிஃப் பிழைத்துச் செல்லின் உட்கருவுக்குள் புகுந்து, வி.இ.ஜி.எஃப் தயாரிக்கும் மரபணுவை முடுக்கிவிடும். வேலைக்காரரை நாள்தோறும் அமர்த்தி நாள்தோறும் நீக்குவது வீண்செலவாகத் தோன்றலாம். ஆனால் நெருக்கடி வரும்போது புதிதாக ஆள் தேட வேண்டிய அவசியமே இல்லாத ஏற்பாடு இது. இந்த வழிமுறையைக் கண்டறிந்ததற்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்ஸா ஆகிய மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. புற்றுச் செல் செய்வதெல்லாம், உடல் அவசரத்துக்கென்று வைத்திருக்கும் இந்தக் குரலை ஓயாமல் எழுப்பிக்கொண்டே இருப்பதுதான்.

குரல் கேட்ட பிறகு நடப்பது அழகானது. ஒரு நோயைப் பற்றி எழுதும்போது இந்தச் சொல்லைப் பயன்படுத்தலாமா என்று தயங்கித்தான் எழுதுகிறேன். அருகிலுள்ள நாளத்தின் உட்சுவர்ச் செல்களின் மேல் வி.இ.ஜி.எஃப்பைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன; அவற்றில் இரண்டாம் வகை ஏற்பியே முதன்மையானது. புரதம் வந்து பூட்டியதும், பூட்டிய செல்களில் ஒன்று மட்டும் முனைச் செல்லாக மாறி, மெல்லிய இழைகளை நீட்டி, வி.இ.ஜி.எஃப் எந்தப் பக்கம் செறிவாக இருக்கிறது என்று துழாவிக்கொண்டு முன்னேறுகிறது. நீயும் முனையாகாதே என்று பக்கத்துச் செல்களுக்கு அது தடை விதித்துவிடுவதால், அவை அதன் பின்னே வரிசையாகப் பெருகித் தண்டாகின்றன. கூடலூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் கவாத்து முடிந்த பன்னீர் திராட்சைக் கொடியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது: நுனி பந்தல் கம்பியைப் பற்றுச்சுருளால் தேடிக்கொண்டு போக, பின்னால் தண்டு நீளும். அப்படி வளர்ந்த இரண்டு நாள முளைகள் சந்தித்து இணையும்போது உள்ளே துளை உண்டாகி இரத்தம் ஓடத் தொடங்குகிறது.

நல்ல திசுவில் இதற்குப் பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புதிய நாளத்தைச் சுற்றித் தாங்கு செல்கள் வந்து ஒட்டி, அதைக் கசியாமல் இறுக்கி, வளர்ச்சியை நிறுத்த வேண்டும். கட்டியில் குரல் ஓயாததால் இந்தக் கட்டம் ஒழுங்காக முடிவதேயில்லை. விளைவாக, கட்டியின் நாளங்கள் பொறியாளர் அளந்து வெட்டிய வாய்க்கால்களைப் போல இருப்பதில்லை. கரையை உடைத்து இரவோடிரவாக இழுத்துவிட்ட வாய்க்கால்களைப் போல வளைந்தும் வீங்கியும் முட்டுச்சந்தில் முடிந்தும் எங்கும் ஒழுகிக்கொண்டும் இருக்கின்றன. சிறுநீர்ப்பையில் இத்தகைய நாளங்கள் மேற்பரப்புக்கு வெகு அருகில் இருக்கின்றன. பை நாளுக்குப் பல முறை விரிந்து சுருங்கும்போது கட்டியின் ஒரு துணுக்கு உதிர்ந்தாலோ ஒரு நாளம் கிழிந்தாலோ இரத்தம் வரும்; உறைந்ததும் நிற்கும். இளநீர் குடித்தாலும் நிற்கும், குடிக்காவிட்டாலும் நிற்கும்.

ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கேமரா செலுத்தி மின்கம்பியால் சுரண்டி எடுக்கப்பட்ட கட்டித் துண்டுகள் ஃபார்மலின் புட்டியில் வந்து சேரும்போது அலசிய ஆட்டுக்குடலின் துணுக்குகளைப் போல மெத்தென்றிருக்கும். மெழுகில் பதித்து, சில மைக்ரோமீட்டர் தடிப்பில் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் விரல்விரலாக நீண்ட கிளைகள் தெரியும். ஒவ்வொரு விரலின் வெளிப்புறமும் ஏழு அடுக்குக்கும் மேலாகத் தடித்த ஊதா நிறச் செல்கள். நட்டநடுவில் வெளிர் ரோஜா நிறத்தில் நூலிழை போன்ற ஒரு தண்டு. அந்தத் தண்டுக்குள் ஒரு தந்துகி. அதற்குள் சிவப்பணுக்கள் வரிசை பிடித்து நிற்கும். இரத்தநாள உட்சுவரை எடுத்துக்காட்டும் சிடி34 என்ற சாயமுறையைப் பயன்படுத்தினால் அந்தத் தந்துகி மட்டும் காப்பித்தூள் பழுப்பில் துலங்கும். நாளம் இல்லாத விரல் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. கட்டி வளர்ந்தது நாளத்தின் மேலேறித்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான படத்தை எந்தப் பாடநூலாலும் காட்ட முடியாது என்பது என் எண்ணம்.

மருத்துவர்கள் இதையே வேறு வகையில் பயன்படுத்திக்கொள்கிறார்கள். சிறுநீர்ப்பைக்குள் கேமரா செலுத்திப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பி செய்யும்போது சாதாரண வெள்ளை ஒளிக்குப் பதிலாக 415, 540 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல, பச்சை ஒளியை மட்டும் பாய்ச்சினால் ஹீமோகுளோபின் அதை உறிஞ்சிக்கொள்ளும்; நாளங்கள் மிகுந்த இடம் கருத்துத் தெரியும்; வெள்ளை ஒளியில் தப்பிய சிறு கட்டியும் அகப்படும்.

இதுவரை ஒரே புரதத்தைப் பற்றிப் பேசியது வசதிக்காகத்தான். உண்மையில் குரல் கொடுப்பவர்கள் பலர். நாரிழைச் செல் வளர்ச்சிக் காரணி எனப்படும் எஃப்.ஜி.எஃப் குடும்பமும், தைமிடின் பாஸ்போரிலேஸ் என்னும் நொதியும், இன்டர்லூகின்-8 என்னும் புரதமும் நாளங்களை வரவழைக்கின்றன. திராம்போஸ்பாண்டின்-1 போன்ற புரதங்கள் எதிர்க்குரல் கொடுத்துத் தடுக்கின்றன. தசைக்குள் இறங்காத மேலோட்டமான கட்டிகளில் வி.இ.ஜி.எஃப் மிகுதியாகவும், தசையைத் துளைத்த கட்டிகளில் தைமிடின் பாஸ்போரிலேஸ் மிகுதியாகவும் இருப்பதை 1995இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஒரே உறுப்பில், ஒரே உறையில் பிறக்கும் இருவகைக் கட்டிகள் தண்ணீர் கேட்கும் முறையே வேறு என்பதை அறிந்தபோது, மேலோட்டமான கட்டி முற்றினால் ஆழமான கட்டி ஆகிறது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவது எவ்வளவு அரைகுறையானது என்று எனக்குத் தோன்றியது. மேலோட்டமான கட்டிகளில் வி.இ.ஜி.எஃப் அதிகமாகக் காணப்பட்டவை சீக்கிரம் திரும்பி வந்ததாகவும் அதே பத்தாண்டில் வெளிவந்த ஆய்வுகள் தெரிவித்தன.

வி.இ.ஜி.எஃப் குடும்பத்திலேயே சி என்ற உறுப்பினர் இரத்தநாளத்தைவிட நிணநீர் நாளங்களை அதிகம் வளர்ப்பவர். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பரவும்போது முதலில் போய்த் தங்கும் இடங்களுள் இடுப்புக்குழியின் நிணநீர்க் கணுக்களும் அடங்கும் என்பதால், அவரும் கவனிக்கத்தக்கவர்.

இரத்தத்திலும் சிறுநீரிலும் இந்தப் புரதங்களை அளந்தே நோயைக் கண்டுபிடித்துவிடலாமே என்ற கேள்வி இயல்பானது. நோயாளிகளின் சிறுநீரில் அவற்றின் அளவு கூடுவது உண்மைதான். ஆனால் தொற்றோ அழற்சியோ இருந்தாலும் கூடும். காயத்தை ஆற்றும் பொருளாயிற்றே. அதனால் வழக்கமான பரிசோதனையாக அது இடம்பெறவில்லை.

அடுத்த கேள்வி இன்னும் இயல்பானது: மடையை அடைத்துவிட்டால் கட்டி பட்டினி கிடந்து சாகாதா? ஃபோக்மன் 1971இல் எழுப்பிய கேள்வியும் இதுதான். வி.இ.ஜி.எஃப்பைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் பெவாசிசுமாப் என்ற எதிர்ப்புப் புரதம் 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் ஊரில் சர்க்கரை நோயால் விழித்திரையில் நீர் கோத்துக்கொண்ட பெரியவர்களுக்குக் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்களே, அவற்றில் ஒன்று இதே மருந்துதான். கசியும் நாளம் கண்ணில் இருந்தாலும் கட்டியில் இருந்தாலும் கசிய வைப்பது ஒரே புரதம். ஆனால் சிறுநீர்ப்பையில் கதை வேறு விதமாகப் போயிற்று. முற்றிய நிலையிலிருந்த 506 பேரிடம், வழக்கமான கீமோவோடு பெவாசிசுமாப்பைச் சேர்த்தும் சேர்க்காமலும் கொடுத்துப் பார்த்தார்கள். இடைநிலை வாழ்நாள், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், சேர்த்தவர்களுக்கு 14.5 மாதம், சேர்க்காதவர்களுக்கு 14.3 மாதம். வி.இ.ஜி.எஃப்பின் இரண்டாம் ஏற்பியை அடைக்கும் ராமுசிருமாப்பை 530 பேரிடம் சோதித்த மற்றோர் ஆய்வில், நோய் முன்னேறாமல் இருந்த காலம் 2.76 மாதத்திலிருந்து 4.07 மாதமாகக் கூடியது. ஆனால் வாழ்நாள் நிச்சயமாக நீண்டது என்று சொல்லும்படியான வேறுபாடு கிடைக்கவில்லை. இரத்த அழுத்தம் ஏறுவது, சிறுநீரில் புரதம் போவது, இரத்தக்கசிவு, புண் ஆறத் தாமதமாவது ஆகியவை இவ்வகை மருந்துகளின் அறியப்பட்ட பக்கவிளைவுகள்.

ஏன் இப்படி? ஒரு மடையை அடைத்தால் வேறு மடை திறக்கிறது என்பது முதல் காரணம், வி.இ.ஜி.எஃப் அடங்கினால் எஃப்.ஜி.எஃப் குரல் கொடுக்கும். பட்டினி போடப்பட்ட செல்களில் ஹிஃப் இன்னும் பெருகும் என்பது இரண்டாவது. மூன்றாவதை நான் படித்தபோது வியந்தேன்: நாளங்களை முற்றிலும் அழித்தால் கீமோ மருந்தும் உள்ளே போக வழியிராது. அதனாலேயே, நாளங்களை அழிப்பதைவிட அவற்றின் ஒழுகலைக் குறைத்துச் சீராக்குவதே நோக்கமாக இருக்க வேண்டும் என்று ரகேஷ் ஜெயின் என்ற ஆய்வாளர் 2001 முதல் வாதிட்டு வருகிறார். இவ்வளவு சிக்கலையும் பார்த்த பிறகு, இந்தப் பழத்தைத் தின்றால் புற்றுக்கட்டிக்கு இரத்த ஓட்டம் அடைபடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிற செய்திகளைப் படித்தால் எனக்குக் கோபம் வருவதில்லை, அலுப்புதான் வருகிறது.

எஃப்.ஜி.எஃப் குடும்பத்தின் வழியில் ஓரளவு பலன் கிடைத்திருக்கிறது. ஆனால் அது நாளத்தை அடைத்ததால் வந்த பலன் என்று எண்ணிவிடக் கூடாது. எஃப்.ஜி.எஃப்பைப் பிடிக்கும் மூன்றாம் ஏற்பியின் மரபணு, வீரியம் குறைந்த மேலோட்டமான கட்டிகளுள் பெரும்பாலானவற்றில் பிறழ்ந்திருக்கிறது. அந்த ஏற்பி புற்றுச் செல்லின் மேலேயே இருந்துகொண்டு, யாரும் அழைக்காமலே பெருகு பெருகு என்று கட்டளையிடுகிறது. பரவிய நோயில் இந்தப் பிறழ்வு உள்ளவர்களுக்கு எர்டாஃபிட்டினிப் என்ற மாத்திரை 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பரவிய நோயின் சிகிச்சையில் அண்மையில் நிகழ்ந்த பெரிய முன்னேற்றம் முற்றிலும் வேறு பாதையில் வந்தது: கட்டிச் செல்லின் மேலுள்ள நெக்டின்-4 என்னும் புரதத்தைத் தேடிப்போய் மருந்தை இறக்கும் என்ஃபோர்டுமாப் வெடோட்டினையும் நோயெதிர்ப்பு மருந்தான பெம்ப்ரோலிசுமாப்பையும் சேர்த்துக் கொடுத்தபோது, இடைநிலை வாழ்நாள் 16.1 மாதத்திலிருந்து 31.5 மாதமானதாக 2023இல் அறிவிக்கப்பட்டது.

காரணங்களைப் பற்றி ஒரு சொல். முதலிடம் புகையிலைக்கு, புகையிலுள்ள அரோமேட்டிக் அமீன்கள் என்னும் வேதிப்பொருள்கள் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடிகட்டி, சிறுநீரில் சேர்ந்து, மணிக்கணக்கில் அந்த உள்ளுறையை நனைத்துக்கொண்டிருக்கின்றன. சாயத் தொழிலில் பயன்பட்ட சில அமீன்களும் அவ்வாறே. ஃபிராங்க்ஃபர்ட்டில் சாயத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகளை லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் கண்டு சொன்னது 1895இல். நம் பள்ளத்தாக்குக்குத் தண்ணீர் கொண்டுவந்த முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டதும் அதே ஆண்டுதான்.

பெரியப்பாவின் பயாப்ஸி அறிக்கை வந்தபோது, நான் சொல்லிக் கேட்டிருந்த அந்தப் புரதத்தின் பெயரை அதில் அவர் மகள் தேடிப் பார்த்தாள். இராது. நாள வளர்ச்சிக் காரணிகளின் அளவு அறிக்கையில் எழுதப்படுவதில்லை. நாங்கள் பார்க்க வேண்டியிருந்தவை மூன்று: செல்களின் வீரியம் குறைவா அதிகமா, கட்டி அடித்தளச் சவ்வைத் தாண்டியிருக்கிறதா, எடுத்த துண்டில் தசை இருந்து அது தொடப்படாமல் இருக்கிறதா. தசை இருந்தது, தொடப்படவில்லை. மூன்று மாதம் கழித்துக் கேமரா வைத்துப் பார்க்க வரச் சொன்னார்கள். "திரும்பவும் மதுரையா?" என்றார். ஆமாம் என்றோம், பீடிக்கட்டை அவர் சட்டைப்பையிலிருந்து பெரியம்மா எடுத்துக்கொண்டார்.